தண்ணி வத்தின ஏரியை மனசுல பார்க்கறது

வலது கட்டை விரல் இன்னைக்கு முழுக்கச் சொரசொரன்னு இருக்கு. தேங்கா நாரை வெச்சு ஒரு மணி நேரம் தேச்ச மாதிரி.

பாஸ் மீனைத் தூக்கணும்னா அதோட கீழ் உதட்டைக் கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் சேர்த்துப் பிடிக்கணும். பெரிய பல்லெல்லாம் கிடையாது. உப்புத்தாள் மாதிரி பொடிப்பொடியா இருக்கும். நாலஞ்சு மீன் பிடிச்சா விரல் தோல் உரிஞ்சு வெள்ளையா ஆயிடும். என் பொண்ணு (பன்னெண்டு வயசு) நேத்து ராத்திரியிலேருந்து அப்படி ஆன தன் விரலை வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நீட்டி நீட்டிக் காமிச்சுக்கிட்டு இருக்கா.

நேத்து நாங்க ரெண்டு பேரும் லேக் ஃபோர்க் போயிருந்தோம். ஒரு முழு நாள், கைடோட.

சந்தோஷம் இன்னும் அடங்கல. அதான் எழுத உட்கார்ந்துட்டேன். நீளமாத்தான் போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

முதல்ல இது என்ன மீன்னு சொல்லிடறேன். நம்ம ஊர் ஹோட்டல்ல சீ பாஸ்னு கொடுக்கறது கொடுவா. அது வேற, இது வேற. இது நன்னீர் மீன். லார்ஜ்மவுத் பாஸ்னு பேரு. பேருக்கு ஏத்த மாதிரி வாயைத் திறந்தா உள்ள ஒரு டம்ளரே போயிடும். முதுகு பச்சை, வயிறு வெள்ளை, பக்கவாட்டுல கறுப்பா ஒரு பட்டை.

குணம் மட்டும் அசல் நம்ம விரால். செடி மறைவுல, மரத்து நிழல்ல அசையாம நிக்கும். இரை பக்கத்துல வந்ததும் ஒரே பாய்ச்சல்.

(விராலை இங்க கொண்டாந்து வளர்க்கலாமேன்னு யாருக்காவது தோணுச்சுன்னா, வேண்டாம். 2002லேருந்து உயிரோட விராலை அமெரிக்காவுக்குள்ள கொண்டு வர ஃபெடரல் சட்டத்துலயே தடை இருக்கு. ஆத்துல விட்டா இங்க இருக்கற மீனையெல்லாம் தின்னுடும்னு பயம்.)

டல்லாஸ் பக்கம் நாங்க குடி வந்து ஏழு வருஷம் ஆச்சு. தூண்டில் கையில எடுத்து ரெண்டு வருஷம். இங்க வீட்டு மனைப் பகுதிக்கு ஒரு குட்டை கண்டிப்பா இருக்கும். சனிக்கிழமை சாயங்காலமானா நானும் பாப்பாவும் அங்க கரையில நின்னு வீசுவோம்.

மண்புழு போட்டா புளூகில் வரும், உள்ளங்கை அளவுல. கோழி ஈரல் போட்டா கெளுத்தி ஜாதியில ஒண்ணு வரும். பாஸ் மட்டும் எனக்கு ரெண்டு வருஷத்துல மூணே மூணு. அதுவும் சின்னது.

நடுவுல ஒரு தடவை வேற ஒரு ஏரிக்குக் கைடு வெச்சுப் போனோம். அந்த ஆளு தானே வீசுவாரு. மீன் மாட்டினதும் ராடை என் கையில கொடுத்து "இழுங்க"ம்பாரு. அன்னைக்குப் பத்து மீன் வந்துச்சு. ஒண்ணு கூட என்னுது இல்ல. திரும்பி வர்ற வழியில காருக்குள்ள யாரும் பேசல. அடுத்தவங்க எழுதின பரீட்சைக்கு நம்ம பேருல மார்க் போட்ட மாதிரி ஒரு உறுத்தல்.

அதனால இந்தத் தடவை போன்லயே சொல்லிட்டேன். "நீங்க வீச வேண்டாம். எங்க வீசணும், ஏன் அங்க வீசணும், அதை மட்டும் சொல்லுங்க. மீன் வரலைன்னாலும் பரவாயில்ல."

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம், "யெஸ் மேம், அப்படியே செய்வோம்"னாரு.

காலையில நாலு மணிக்குக் கிளம்பினோம். வீட்டுலேருந்து கிழக்கால ஒன்றரை மணி நேரம். எமரி ஊரைத் தாண்டினதும் ரெண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம், பனி, தூங்கற மாடுங்க. அவ்வளவுதான்.

படகுத்துறையில அவர் எங்களுக்கு முன்னாடியே வந்து படகைத் தண்ணியில இறக்கி வெச்சிருந்தாரு. அறுபதைத் தாண்டின மனுஷன். கை ரெண்டும் வேப்பம்பட்டை மாதிரி. பேரு போட மாட்டேன், அவருக்கு அதெல்லாம் பிடிக்காது.

முதல் வேலையா பாப்பாவுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, பட்டையை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாரு. டெக்சாஸ்ல பதிமூணு வயசுக்குக் கீழ இருந்தா படகு ஓடறப்போ ஜாக்கெட் கட்டாயம். லைசென்ஸ் விஷயத்துல பாப்பாவுக்கு விலக்கு உண்டு, பதினேழு வயசு வரைக்கும் வேண்டியதில்ல. எனக்கு மட்டும் எடுத்திருந்தேன்.

இப்ப ஏரியைப் பத்திக் கொஞ்சம்.

லேக் ஃபோர்க் இயற்கையான ஏரி இல்ல. சபைன் ஆத்துல சேர்ற ஒரு ஓடைக்கு லேக் ஃபோர்க் கிரீக்னு பேரு. ஏரி வர்றதுக்கு முன்னாடியே ஓடைக்கு அந்தப் பேரு இருந்துச்சு! 1980ல அணை கட்டித் தேக்கினாங்க. சுமார் 27,000 ஏக்கர். ரொம்ப ஆழமான இடத்துல 70 அடி.

அணையை மூடறதுக்கு முன்னாடி ரெண்டு காரியம் செஞ்சாங்க. ஒண்ணு, உள்ள இருந்த மரங்கள்ல பெரும்பகுதியை வெட்டாம விட்டாங்க. ரெண்டு, அந்த நிலத்துல ஏற்கெனவே இருந்த மாட்டுக் குட்டைகள்ல ஃப்ளோரிடா ஜாதி பாஸ் குஞ்சுகளை விட்டு வளர்த்தாங்க. தண்ணி ஏற ஏறக் குட்டை எல்லாம் ஒண்ணா ஆச்சு, மீன் ஏரிக்குள்ள பரவிடுச்சு.

இன்னைக்கும் தண்ணிக்கு மேல ஆயிரக்கணக்கான பட்ட மரம் நிக்குது. விடியற நேரத்துல அதுங்களுக்கு நடுவுல மெதுவாப் படகு போறப்போ பாப்பா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. பயம் இல்ல. அவ்வளவு அழகு.

முதல் ரெண்டு மணி நேரம் எதுவுமே கடிக்கல.

நான் என்ன பண்ணேன்னா, மரம் தெரிஞ்சா மரத்துக்கு வீசினேன். செடி தெரிஞ்சா செடிக்கு வீசினேன். கண்ணுக்குத் தெரியறது எல்லாத்துக்கும் வீசினேன். அவர் ஒண்ணும் சொல்லல. பார்த்துக்கிட்டே இருந்தாரு.

அப்புறம் மோட்டாரை நிறுத்தினாரு. (படகு முன்னாடி காலால ஓட்டற மாதிரி ஒரு சின்ன மின்சார மோட்டார் இருக்கு, சத்தமே போடாது.)

"மேம், ஒரு நிமிஷம் ராடைக் கீழ வைங்க. இந்தத் தண்ணி முழுக்க வத்திப் போச்சுன்னு நினைச்சுக்குங்க. இப்ப நாம எங்க நிக்கறோம்?"

நான் முழிச்சேன். அவரே சொன்னாரு.

"பக்கத்து வீட்டுக்காரரோட மேய்ச்சல் நிலத்துல நிக்கறோம். அதோ அந்த மர வரிசை இருக்குல்ல, அது வேலி ஓரம். அதுக்கு அந்தப் பக்கம் சரிவு. சரிவுக்குக் கீழ ஓடை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அந்த ஓடைக்கரையில அணில் வேட்டைக்குப் போவேன்."

அணை மூடறப்போ அவருக்குப் பதினாறு வயசாம். நாங்க மிதந்துக்கிட்டிருந்த அந்த ஏரியோட தரையில அவர் நடந்திருக்காரு!

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி சிலிர்த்துச்சு. ஏன்னா, நானும் ஏரித் தரையில நடந்து வளர்ந்தவதான்.

எங்க ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாய்க்கரை ஊர். ஐப்பசி கார்த்திகையில தண்ணி நிறையும். சித்திரை வைகாசியில வத்திடும். வத்தினா அதுதான் எங்க மைதானம், எங்க குறுக்குப் பாதை, ஆடு மாடு மேய்ற இடம். மடைக்கு முன்னாடி எங்க பள்ளம், ஓடை உள்ள நுழையற இடத்துல எங்க மணல் மேடு, எந்தக் கருவேல மரத்தடியில மண்ணு அரிச்சு வேர் வெளிய தெரியும், அம்புட்டும் கால் பழகின இடம். மழைக்காலத்துல அதே கருவேல மரங்க இடுப்பளவு தண்ணியில நிக்கும்.

எங்க தாத்தா தூண்டிலை எடுத்துக்கிட்டு நேரா ஒரு மரத்துக்கிட்டப் போவாரு. மத்த மரத்தைத் திரும்பிக் கூடப் பார்க்க மாட்டாரு. "ஏன் தாத்தா அங்க மட்டும்?"னு கேட்டா, "கோடையில நீ அங்க குதிச்சு விளையாடினியே, அந்தக் குழி அங்கதான இருக்கு"ம்பாரு.

இத்தனை வருஷம் கழிச்சு, டெக்சாஸ்ல ஒரு படகுல உட்கார்ந்து, தாத்தா சொன்னது எனக்கு முழுசாப் புரிஞ்சுது.

மீன் தண்ணியில இருக்கறது நமக்குத்தான். மீனுக்கு அது ஒரு ஊரு. அதுக்கு மேடு உண்டு, பள்ளம் உண்டு, தெரு உண்டு, திண்ணை உண்டு. இரை வர்ற தெருவைப் பார்த்த மாதிரி, நிழலும் ஆழமும் பக்கத்துல இருக்கற திண்ணையில உட்கார்ந்திருக்கும்.

இதை நான் அவர்கிட்டச் சொன்னேன். கண்மாய்னா என்ன, வருஷா வருஷம் எப்படி நிறையும், எப்படி வத்தும், நாங்க எப்படி உள்ள ஓடி விளையாடினோம்னு. அவர் தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டுக் கேட்டாரு. "வருஷம் ஒரு தடவை ஏரியோட அடியைப் பார்ப்பீங்களா? நான் 1980க்கு அப்புறம் பார்க்கவே இல்ல மேம்"னாரு. அதைச் சொல்றப்போ குரல் இறங்கிடுச்சு.

அங்கேருந்து நாள் மாறிப் போச்சு.

படகுல ஒரு திரை இருக்கு. ஒலி அலையை அனுப்பி அடித்தரையைப் படமாக் காட்டும். அதுல அவர் ஒரு கோட்டைக் காட்டினாரு. "பழைய குட்டையோட கரை. மேல 9 அடி. ரெண்டு பக்கமும் 14 அடி. தண்ணிக்கு மேலேருந்து பார்த்தா இங்க ஒண்ணுமே தெரியாது."

நிஜமாவே ஒண்ணும் தெரியல. வெறும் வெட்டவெளித் தண்ணி. கரையில நின்ன அந்த ரெண்டு வருஷத்துல இப்படி ஒரு இடத்துக்கு நான் வீசியிருக்கவே மாட்டேன்.

தூண்டில்ல போட்டது பிளாஸ்டிக் புழு. டெக்சாஸ் ரிக்னு சொல்வாங்க. துப்பாக்கிக் குண்டு மாதிரி கூரான ஒரு எடை, அது தூண்டில் நரம்புல தானா நகரும். கீழ முள். முள்ளோட நுனியைப் புழுவோட உடம்புக்குள்ளயே மறைச்சுக் குத்திடணும். அப்பத்தான் செடியில, மரக்கிளையில மாட்டாது. மீன் கவ்வி நாம வெட்டி இழுக்கறப்போ முனை வெளிய வந்து தைக்கும்.

(இந்தப் புழுவுக்கு ஒரு கதை இருக்கு. 1949ல ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் ஊர்ல நிக் க்ரீம்னு ஒருத்தர் மனைவியோட சேர்ந்து வீட்டுல வினைலை உருக்கி வார்த்துச் செஞ்ச புழுதான் இதுக்கெல்லாம் முன்னோடி. அப்புறம் அவங்க கம்பெனி டெக்சாஸ் டைலருக்கு வந்துடுச்சு. லேக் ஃபோர்க்லேருந்து டைலர் பக்கம்தான். சமையல்கட்டுல பிறந்த ஒரு புழு, ஒரு நாட்டோட மீன்பிடியையே மாத்திடுச்சு. சமையல்கட்டுல பாதி ஆயுசு போற எனக்கு இதை நினைச்சா ரொம்பப் பெருமையா இருக்கும்.)

வீசிட்டு, புழு அடியைத் தொடற வரைக்கும் விடணும். அப்புறம் ராடு நுனியை லேசாத் தூக்கணும், இறக்கணும். தூக்கணும், இறக்கணும்.

"என்ன தெரியுது?"னு கேட்டாரு.

"மண்ணு."

"இப்ப?"

"கல்லு மாதிரி... டொக் டொக்குனு."

"அது கரையோட மேல்பக்கம். அதைத் தாண்டி விழறப்போ கவனமா இருங்க."

கண்ணை மூடிக்கிட்டேன். நரம்பு வழியா அந்தக் கரை மேல நடந்தேன்னு சொன்னா நம்புவீங்களா? நடந்தேன்.

பாப்பாவுக்குத்தான் முதல்ல மாட்டுச்சு. "அம்மா, யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கு!"ன்னா. அவர் உடனே, "நரம்பைச் சுத்து, வெட்டி இழு!"ன்னாரு. தண்ணிக்கு மேல அது ஒரு குதி குதிச்சுது பாருங்க, தலையை இப்படியும் அப்படியும் உதறிக்கிட்டு! 14 இன்ச். அவ வாழ்க்கையோட முதல் பாஸ். உதட்டைப் பிடிச்சுத் தூக்கறப்போ அவ கை நடுங்குச்சு, ஆனா விடல.

பத்து மணிக்கு மேல ஒரு வளைவுக்குள்ள போனோம். அல்லி இலை மாதிரி இலைங்க தண்ணி மேல பரவிக் கிடந்துச்சு. அங்க ரப்பர் தவளை.

இது எனக்குப் பழக்கமான வித்தை! எங்க தாத்தா சின்னத் தவளையை முள்ளுல கட்டி, தாமரை இலை மேல தத்தத் தத்த விட்டு விரால் பிடிப்பாரு. இங்க உள்ள காத்து நிரம்பின ரப்பர் தவளை, காலுக்குப் பதிலா நூல் குஞ்சம். மத்ததெல்லாம் ஒண்ணுதான். இலை மேல தத்தணும், இலை முடியற இடத்துல ஒரு நொடி நிறுத்தணும்.

தண்ணி 'டமார்'னு வெடிச்சுது. இழுத்தேன். தவளை மட்டும் பறந்து வந்துச்சு.

மறுபடியும் வெடிச்சுது. மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் தவளை.

மூணாவது தடவையும் அப்படியே ஆனதும் அவர் பொறுமையா, "சத்தத்துக்கு இழுக்காதீங்க மேம். கையில கனம் தெரியட்டும். தெரிஞ்சதும் இழுங்க"ன்னாரு.

தாத்தாவும் இதையேதான் சொல்வாரு. "கவ்வட்டும், முழுங்கட்டும், அவசரப்படாத." அந்த ஞாபகம் வந்ததும் நாலாவது தடவை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வெடிச்சுது. ஒண்ணு, ரெண்டு. கனம். இழுத்தேன்.

வந்துச்சு. 17 இன்ச்.

அடுத்து நடந்ததுதான் நேத்து முழுக்க எனக்கு ரொம்ப முக்கியமானது.

ஒரு பட்ட மரத்தடியில பாப்பா எதையோ பார்த்துட்டு, "அம்மா, தண்ணியில பொகை மாதிரி என்னமோ இருக்கு"ன்னா. எட்டிப் பார்த்தேன். பொகை இல்ல. குஞ்சுங்க. நகக்கண் அளவுல நூத்துக்கணக்குல, ஒரே மேகமா நகருது. கீழ ஒரு ஆம்பளை மீன், செவுளை விரிச்சுக்கிட்டு அப்படியே நிக்குது.

பாஸ்ல அப்பாதான் காவல். வசந்த காலத்துல தண்ணி கொஞ்சம் சூடானதும் ஆம்பளை மீன் வாலால அடிச்சு அடிச்சுத் தரையைச் சுத்தம் பண்ணிக் குழி போடும். பொம்பளை மீன் வந்து முட்டை போட்டுட்டுப் போயிடும். அதுக்கப்புறம் முட்டைக்கு மேல துடுப்பால விசிறிக்கிட்டு, வர்ற போற மீனையெல்லாம் விரட்டிக்கிட்டு, குஞ்சு பொரிச்ச பிறகும் சில வாரம் கூடவே இருக்கறது அப்பாதான். அந்த நேரத்துல சரியாச் சாப்பிடக் கூடச் சாப்பிடாது.

அந்த நேரத்துல அதைப் பிடிக்கறது ரொம்பச் சுலபம். முன்னாடி எதைப் போட்டாலும் பாயும். பசியில இல்ல, குஞ்சைக் காப்பாத்த.

சின்ன வயசுல கண்மாய்ல இதே மாதிரி ஒண்ணைப் பார்த்திருக்கேன். விரால் குஞ்சு செக்கச்செவேல்னு கூட்டமா மிதக்கும். கீழ தாயும் தகப்பனும் நிக்கும். ஒரு நாள் யாரோ ஒருத்தர் அதைப் பார்த்துட்டுத் தவளையை அந்தக் கூட்டத்து மேலயே போட்டாரு. பாய்ஞ்சு வந்துச்சு, பிடிச்சாரு. அந்தச் செவப்புக் கூட்டம் கொஞ்ச நேரம் அதே இடத்துல சுத்திச் சுத்தி வந்துச்சு. அப்புறம் சின்னச் சின்ன மீனெல்லாம் அதுக்குள்ள புகுந்துடுச்சு. எனக்கு அப்ப எட்டு வயசு. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. ஏன்னு யார்கிட்டயும் சொல்லவும் தெரியல.

நேத்து கைடு ஒரு வார்த்தை பேசல. காலால மோட்டாரைத் திருப்பினாரு. படகு பின்னாடி நகர்ந்துச்சு.

டெக்சாஸ்ல இதைப் பிடிக்கறது சட்டப்படி தப்பில்ல. பாஸுக்குன்னு தடைக்காலம் கிடையாது. அங்க வேற யாரும் இல்ல. சுலபமா ஒரு மீன் கிடைச்சிருக்கும், காசு கொடுத்து வந்தவங்க சந்தோஷப்பட்டிருப்பாங்க. அவர் திருப்பிட்டாரு.

"இவனை விட்டுடலாம். வேலையில இருக்கான்"னு மட்டும் சொன்னாரு.

முப்பது வருஷத்துக்கு முன்னாடி சாப்பிடாமப் படுத்த அந்தப் பிள்ளைக்கு அது போய்ச் சேர்ந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பாப்பா பார்த்தா, ஒண்ணும் கேட்கல, தண்ணி பாட்டிலை நீட்டினா.

மதியம் புளிசாதம். கூட உருளைக்கிழங்கு வறுவல். அவருக்கும் ஒரு டப்பா கொண்டு போயிருந்தேன். மிளகாயை ஓரமா எடுத்து வெச்சுட்டு மொத்தத்தையும் காலி பண்ணிட்டாரு.

சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பவும் அதே குட்டைக்கரை. "வெயில் சாஞ்சா மேட்டுக்கு ஏறி வரும்"னாரு. ஏழாவது வீச்சோ எட்டாவது வீச்சோ, புழு கரையைத் தாண்டி விழுந்துச்சு. அடியைத் தொடவே இல்ல. நரம்பு பக்கவாட்டுல நகருது.

சுத்தினேன். வெட்டினேன்.

ராடு வளைஞ்சு தண்ணியைத் தொட்டுடுச்சு. ரீல் 'கிர்ர்ர்'னு கத்துது. மரத்துப் பக்கம் போகுது, நான் இந்தப் பக்கம் இழுக்கறேன். படகுக்கு அடியில போகுது, நான் ராடைத் தண்ணிக்குள்ள விட்டுச் சுத்தி வர்றேன். "அவசரம் இல்ல, அவசரம் இல்ல"ங்கறாரு. பாப்பா "அம்மா அம்மா அம்மா"ங்கறா. வலைக்குள்ள வந்து விழுந்தப்போ நான் அப்படியே படகுல உட்கார்ந்துட்டேன்.

22 இன்ச். 6 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல. நம்ம கணக்குல 2.8 கிலோ.

அந்த மீனை நான் திருப்பி விட்டுட்டேன். விட்டுத்தான் ஆகணும்.

லேக் ஃபோர்க்ல பாஸுக்கு இதுதான் சட்டம். 16 இன்ச்லேருந்து 24 இன்ச் வரைக்கும் இருக்கற மீனை வெச்சுக்கக் கூடாது. அதுக்குக் கீழ இருந்தா வெச்சுக்கலாம். 24ம் அதுக்கு மேலயும்னா ஒண்ணே ஒண்ணு. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5. சின்னதைக் கொஞ்சம் எடுத்தாத்தான் மிச்சத்துக்கு இரை கிடைக்கும். நடுத்தர அளவைக் காப்பாத்தினாத்தான் அது பெருசாகும், முட்டை போடும். கணக்கு அவ்வளவுதான்.

இந்த ஏரியோட பேரு பரவினதுக்கே உயிரோட விட்ட மீன்தான் காரணம். 1986 நவம்பர்ல மார்க் ஸ்டீவன்சன்ங்கற கைடு இங்க 17.67 பவுண்டு பாஸ் ஒண்ணைப் பிடிச்சாரு. அன்னைக்கு அது மாநில ரெக்கார்டு. அதுக்கு எத்தல்னு பேரு வெச்சாங்க. டெக்சாஸ் வனவிலங்குத் துறை அந்த வருஷம் ஆரம்பிச்ச ஷேர்லங்கர் திட்டத்துக்கு வந்த முதல் மீன் அதுதான். 13 பவுண்டுக்கு மேல பிடிச்சா அதை உயிரோட இனப்பெருக்கத்துக்குக் கொடுக்கலாம், குஞ்சு திரும்ப ஏரிக்கே வரும். 1992 ஜனவரியில இதே ஏரியில பேரி செயின்ட் கிளேர் 18.18 பவுண்டு பிடிச்சு அந்த ரெக்கார்டையும் தாண்டினாரு. அதுல அழகு என்னன்னா, அவர் பாஸ் பிடிக்க வரவே இல்ல. கிராப்பிங்கற சின்ன மீனுக்குப் பொடி மீனைக் கோத்துப் போட்டிருந்தாரு!

கையை நனைச்சுக்கிட்டு, ஒரு கை உதட்டுல, ஒரு கை வயித்துக்கு அடியில கொடுத்துப் படுக்க வெச்ச மாதிரி பிடிச்சேன். (பெரிய மீனை உதட்டுல மட்டும் தொங்க விட்டா தாடை பிசகிடும்.) ஒரு போட்டோ. அப்புறம் தண்ணிக்குள்ள இறக்கினேன். கொஞ்ச நேரம் என் கையிலயே நின்னுச்சு. வாலை ஒரு தடவை அசைச்சுது. போயிடுச்சு. முகமெல்லாம் தண்ணி.

ராத்திரி ஊர்ல இருக்கற தாய்மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவங்களுக்கு அப்ப விடிகாலை. போட்டோவைப் பார்த்ததும், "ஏ ஆத்தா, மூணு கிலோ தேறும் போலயே! குழம்பா, வறுவலா?"ன்னாரு.

"விட்டுட்டேன் மாமா."

"என்னது? விட்டியா? அம்புட்டுக் காசு குடுத்துப் போயி?"

சட்டத்தைச் சொன்னேன், காரணத்தைச் சொன்னேன், குஞ்சு மேகத்தையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாரு: "அங்க சரி ஆத்தா. இங்க விட்டு என்ன பண்ண? வைகாசியில தண்ணி வத்துது. நான் விட்டா கொக்கு திங்கும். இல்லையா, மீன்பாசி ஏலம் எடுத்தவன் அள்ளிட்டுப் போவான்."

நியாயம்தான். கண்மாய் வத்தறப்போ ஊரே எறங்கி ஊத்தாவும் வலையுமா மீன் பிடிக்கறது அந்தத் தண்ணியோட முறை. யோசிச்சுப் பார்த்தா தண்ணிக்குத் தண்ணி முறை மாறுது. 1932ல ஜார்ஜியாவுல ஜார்ஜ் பெர்ரி 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் பிடிச்சாரு, உலக ரெக்கார்டு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சமைச்சுட்டாங்க. பஞ்ச காலம், வேற என்ன செய்வாங்க? 2009ல ஜப்பான் பிவா ஏரியில மனாபு குரிட்டா அந்த ரெக்கார்டுக்குச் சமமாப் பிடிச்சாரு. அங்க பாஸ் வெளியேருந்து வந்த மீன், உள்ளூர் மீனைத் தின்னுது. அதனால அந்த ஏரியில பிடிச்ச பாஸைத் திருப்பி விடறதுதான் தப்பு!

அதனால, எல்லாரும் எல்லா மீனையும் விட்டுடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க நிக்கற தண்ணியோட அடி எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்குங்க. அது வத்துமா, வத்தாதா? யாரு அதுக்குள்ள நடந்திருக்காங்க? அவங்ககிட்டக் கேளுங்க. ஒரு நல்ல கைடுக்கு நான் காசு கொடுத்தது அதுக்குத்தான். (படகு, தூண்டில் எல்லாம் சேர்த்து 500 டாலருக்குப் பக்கம், டிப்ஸ் தனி. ஆறு மாசம் சேர்த்தேன். ஒரு பைசா வீணில்ல.)

போகணும்னு நினைக்கறவங்களுக்கு நாலு வார்த்தை. முதல்லயே போன்ல உங்களுக்கு என்ன வேணும்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க. போலரைஸ்டு கண்ணாடி இல்லாமப் போகாதீங்க, குஞ்சு மேகம் கண்ணுக்குத் தெரியணும்ல. ஏப்ரல் கடைசி அருமையான நேரம். புளிசாதம் ஒரு டப்பா கூடுதலா எடுத்துட்டுப் போங்க.

மாமா போனை வைக்கறதுக்கு முன்னாடி பாப்பாவைக் கூப்பிட்டாரு. அவ கட்டை விரலைக் கேமராவுக்கு முன்னாடி நீட்டினா.

"அடிச் சக்கை! ஐப்பசிக்கு ஊருக்கு வா தாயி. கண்மாய் நெறஞ்சதும் உனக்குத் தவளை கட்டித் தர்றேன்."

"தவளை வேண்டாம் தாத்தா. நான் ரப்பர்ல கொண்டு வர்றேன். நீங்க அந்தக் குழி எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க."